பிரிஜெட் காவல் காத்த கார்

என் தங்கை பிரிஜெட் இதுவரை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வயதில் விஷக்காய்ச்சலை ஜெயித்தாள். கடைசி ஜெபம் சொல்ல வந்த சாமியாரிடம் அவள் பொரி கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். மாதா திருநாளில் பையன்களோடு சாக்குப்பை ஓட்டம் ஓடி ஒரு அலுமினியத் தூக்கு வாங்கினாள். எங்கள் தெருவையே மிரட்டிக்கொண்டிருந்த வாத்து ஒன்றை விளக்குமாறு இல்லாமலே அடக்கினாள். பெண் பார்க்க வந்த இரண்டு பேரை ஜெயித்தாள் என்று சொல்ல வேண்டும். அவர்கள் தோற்றோம் என்று சொல்லவில்லை, ஆனால் திரும்பி வரவில்லை. சுருதி என்பது அவள் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை, இருந்தும் கோயில் பாடற்குழுவில் இடம் பிடித்தாள். பாட்டு மாஸ்டர் ஒருநாள் எரிச்சலில், "நீ வாயை மட்டும் அசை" என்றார். இவள் ஒரு வருஷம் வாயை மட்டும் அசைத்தாள். அவராக வந்து, "போதும்மா, பாடித் தொலை" என்று சொல்லும்வரை ஒரு சத்தம் வரவில்லை.

இவையெல்லாம் சின்ன வெற்றிகள். பெரியது மிஸ் மௌரீனின் கார்.

மிஸ் மௌரீன் அல்சூரில் பிறந்த சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, பிரசவம் பார்ப்பவர். நம்மைப் போலவே தமிழ் பேசுவார், கோபம் வந்தால் நம்மைவிட நன்றாகப் பேசுவார். ஏரிக்கரைக்குக் கீழே, கால்வாயை ஒட்டிய சந்தில் வீடு. துணி மேற்கூரை போட்ட ஒரு சின்னப் பச்சைக் கார் வைத்திருந்தார். அந்த வீட்டில் சமையலும் துடைப்பும் பிரிஜெட் வேலை. காரைத் துடைப்பது அவள் தானாக எடுத்துக்கொண்ட வேலை. வீட்டுத் தரையைவிட அந்தக் கார்தான் பளபளப்பாக இருக்கும் என்று மிஸ் மௌரீனே குறைபட்டுக்கொள்வார்.

1937ஆம் வருஷம், காரைக் கிளப்பும் கிராங்க் கம்பியைச் சுழற்றும்போது அது எதிர்த்து அடித்து மிஸ் மௌரீனின் மணிக்கட்டு ஒடிந்தது. எலும்பு கூடிற்று, பழைய பலம் வரவில்லை. இனி காரை ஓட்ட ஒரு டிரைவர் வேண்டும் என்றார். அடுகோடியில் ஒரு ஆள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பினார்.

"நான் ஓட்டறேன் மிஸ்," என்றாள் பிரிஜெட்.

மிஸ் மௌரீன் சிரித்தார். நான் சிரித்தேன். விஷயம் கேள்விப்பட்டுச் சந்தே சிரித்தது. பெண் டிரைவரை ஒருவரும் பார்த்ததில்லை; அதிலும் இவள் என் தோளுக்கு வரமாட்டாள். ஆனால் பிரிஜெட் சிரிக்கவில்லை. மூன்று நாள் அதே வாக்கியத்தை அதே குரலில் சொன்னாள், ரசம் பரிமாறும்போதுகூட.

கடைசியில் மிஸ் மௌரீன், "கோலாருக்கு அக்காவைப் பார்க்கப் போறேன். ஞாயித்துக்கிழமை வருவேன். காரை நீ பார்த்துக்கோ. நான் வரும்போது அது இதே இடத்தில இருக்கணும். ஸ்டீயரிங்கை ஒருத்தரும் தொடக்கூடாது. சரியா இருந்தா அடுகோடி ஆளுக்கு முன்னாடி உன் விஷயத்தை யோசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாவியோடு ரயிலேறினார். அந்த நேரத்துக்கு அவள் வாயை அடைக்கத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பிரிஜெட்டுக்கு அது வேதவாக்கு.

சனிக்கிழமை மத்தியானம் புயல்மழை பிடித்தது. மழை இரண்டு மணிக்கு வந்தது என்று பிரிஜெட் சொல்வாள்; நான் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவினேன், ஆகவே ஒன்றரை. காற்று ஓடுகளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. எங்கேயோ விழுந்த மூங்கில் புதர் கால்வாயை அடைத்துக்கொள்ள, தண்ணீர் கரை ஏறிச் சந்துக்குள் புகுந்தது.

தையல் மிஷினைக் கட்டில்மேல் ஏற்றி வைத்துவிட்டு நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, பிரிஜெட் தவிட்டு மூட்டைகளைக் காரைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். காரின் முன்பக்கத்தைக் கிணற்றுக் கயிற்றால் புளியமரத்தோடு கட்டியிருந்தாள். புகைக்குழாய்க்குள் தண்ணீர் ஏறாமலிருக்க ஒரு வாழைத்தண்டை வெட்டி அடைத்திருந்தாள். இதெல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் தவிட்டு மூட்டை தண்ணீரைத் தடுக்காது, குடிக்கும்.

எதிர்வீட்டுப் படியில் தேசிகன் குடையோடு நின்றார். மைசூர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ரிட்டையரானவர். அந்தச் சந்தில் எது நடந்தாலும் அவர் அபிப்பிராயம் இலவசம்.

"அம்மாடி, இத்தனை பேர் நிக்கறோமே, தள்ளிண்டு போய் மேட்டுல விட்டுடலாமே! நாப்பது அடி போனா மார்க்கெட் ரோடு."

"வேணாம் சாமி. இதே இடத்துல இருக்கணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க."

"வெள்ளம் வரும்னு அவாளுக்குத் தெரியுமா?"

"அது எனக்குத் தெரியாது. அவங்க சொன்னது தெரியும்."

"பிரிஜெட்டு, தள்ளிட்டுப் போயிட்டு மழை விட்டதும் திரும்ப இங்கேயே கொண்டாந்து விட்டுடலாம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன் நான்.

"எனக்குத் தெரியுமே அண்ணே," என்றாள். "தள்ளினா ஒருத்தர் ஸ்டீயரிங்கைப் பிடிக்கணும். யார் பிடிப்பீங்க?"

நான் அவளைத் திட்டினேன். அவள் இன்னொரு மூட்டையை எடுத்து வைத்தாள்.

தண்ணீர் சக்கரத்தின் நடுவுக்கு வந்தது. அப்போதுதான் ஒருவரும் நினைக்காத ஒன்று நடந்தது. காரின் பின்பக்கம் மெதுவாக எழும்பிற்று. தூக்கத்தில் திரும்பிப் படுக்கிறவரைப் போல ஒரு பக்கமாக ஒதுங்கிற்று. சின்னக் கார், லேசான கார். இன்னும் கொஞ்சம் ஏறினால் கயிற்றை அறுத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் போய்விடும். இனித் தள்ளவும் முடியாது, இழுப்பு அப்படி.

பிரிஜெட் பின்பக்கத்தைக் கட்டிப்பிடித்தாள். அவளையும் சேர்த்து அது இழுத்தது.

"எடை வேணும்," என்று கத்தினாள். சந்தைச் சுற்றிப் பார்த்தாள். அவள் கண் ஓஸ்வால்ட் மேல் நின்றது.

ஓஸ்வால்ட் கறிக்கடைக்காரர், கோயில் பேண்டில் பெரிய டிரம் அடிப்பவர். டிரம் அவருக்கு முன்னால் போகிறதா, அவர் வயிறு போகிறதா என்று ஊர்வலத்தில் தெரியாது. அவருக்கு அந்தக் காரில் ஏறவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஒருமுறை கேட்டு மிஸ் மௌரீனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"ஓஸ்வால்ட் அண்ணே, காரில உக்காரணும்னீங்களே, வாங்க!"

"இப்பவா?"

"இப்ப விட்டா எப்ப? ஜல்தி!"

ஓஸ்வால்ட் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பின்சீட்டில் அவர் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் முனகிற்று, கார் ஒரு பக்கம் தரை தட்டிற்று. மறுபக்கம் இன்னும் மிதந்தது.

"உங்க மாமியாரையும் கூப்பிடுங்க!"

ஓஸ்வால்டின் மாமியார் ஜோசஃபின் அம்மாள் மருமகனோடு நான்கு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார். வாசலில் நின்று, "அந்த ஆளு பக்கத்துல நான் உக்காரமாட்டேன்," என்றார்.

"அத்தை, நீங்க அவர்கூடப் பேச வேணாம். உக்காந்தா போதும்."

கார் ஆசை யாரை விட்டது? ஜோசஃபின் அம்மாள் நல்ல சேலையை மாற்றிக்கொண்டு வந்தார் என்பதை நான் சத்தியமாகச் சொல்வேன். நாலு பேர் கைலாகு கொடுத்து ஏற்றினோம். நான்கு சக்கரமும் மண்ணில் உட்கார்ந்தன. தெருவே கைதட்டிற்று.

தண்ணீர் இன்னும் ஏறிற்று. முன்பக்கம் ஆட ஆரம்பித்தது. பிரிஜெட் படியைப் பார்த்தாள்.

"சாமி, நீங்க?"

"நானா?" என்றார் தேசிகன். குடையைச் சுருக்கினார், விரித்தார், மறுபடி சுருக்கினார். "முன்னாடி சீட்டுன்னா பரவாயில்லே."

இடதுபக்க முன்சீட்டில் அவர் குடையை விரித்தபடியே உட்கார்ந்தார். மேற்கூரை இருக்கிறதே என்றதற்கு, ஒழுகுகிறது என்றார். மிச்சம் இருந்தது ஸ்டீயரிங் முன்னால் உள்ள இடம். என்னை ஏறச் சொல்வாள் என்று நினைத்தேன். அவளே ஏறினாள். ஏறி, இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். ஸ்டீயரிங் அவள் மார்புக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தொடவில்லை. காற்றில் கார் ஆடும்போதுகூட அதைப் பிடித்துக்கொள்ளாமல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

பாதங்கள் தண்ணீரில் இருக்க நால்வரும் சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஜோசஃபின் அம்மாள் ஜெபமாலை சொன்னார். ஓஸ்வால்ட் பதில் ஜெபம் சொல்ல வேண்டியதாயிற்று. அப்படித்தான் அவர்கள் பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கிற்று.

"இந்த வண்டி மைசூர் எத்தனை நேரத்துல போகும்?" என்று தேசிகன் கேட்டார்.

"முதல்ல இங்கேயே இருக்கட்டும் சாமி," என்றாள் பிரிஜெட்.

நான் வெளியே தொடையளவு தண்ணீரில் நின்று அவர்களுக்கு வேர்க்கடலை நீட்டிக்கொண்டிருந்தேன்.

மழை விட்டு, ஆட்கள் மூங்கிலை இழுத்து எடுத்ததும் கால்வாய் வடிந்தது. இருட்டுவதற்குள் தண்ணீர் சந்தைவிட்டுப் போயிற்று. கார் சேற்றில், ஆனால் அதே இடத்தில் நின்றது.

ஞாயிறு காலை மிஸ் மௌரீன் குதிரை ஜட்காவில் வந்து இறங்கினார். காரைப் பார்த்தார். பின்சீட்டில் ஓஸ்வால்ட் அளவுக்கு ஒரு பள்ளம். எங்கும் சேறு. சீட்டுக்கு அடியில் ஜெபமாலையின் சிலுவை. எல்லா இடத்திலும் வேர்க்கடலைத் தோல்.

"என்ன பண்ணி வச்சிருக்கே?"

"வண்டி நகரலை மிஸ்."

"ஊரையே ஏத்தியிருக்கே!"

"ஏத்தக்கூடாதுன்னு நீங்க சொல்லலை மிஸ். நகரக்கூடாதுன்னு சொன்னீங்க."

"பைத்தியமே, மேட்டுக்குத் தள்ளியிருக்கலாமே!"

"அதைத்தான் நானும் சொன்னேன்," என்றார் தேசிகன் எதிர்ப்படியிலிருந்து. அடுத்த நிமிஷமே மனசு கேட்கவில்லை போலும். "ஆனா ஒண்ணு சொல்லணும். அவ ஸ்டீயரிங்கைத் தொடலை. பக்கத்துலேயே இருந்து பார்த்தேன்."

மிஸ் மௌரீன் குனிந்து பார்த்தார். வண்டி முழுக்கச் சேற்றுக் கைத்தடம். ஸ்டீயரிங் மட்டும் வெள்ளிக்கிழமை துடைத்தபடி இருந்தது. பிறகு சாவியைப் போட்டு, "கிராங்க் சுத்து" என்றார். பிரிஜெட் சுற்றினாள். வண்டி இருமிற்று, நின்றது. மறுபடி இருமிற்று, நின்றது. பிரிஜெட்டின் முகம் வெளுத்தது. தண்ணீர் உள்ளே போய்விட்டது, எல்லாம் போயிற்று என்றே நானும் நினைத்தேன். திடீரென்று அவள் பின்பக்கம் ஓடினாள்.

"வாழைத்தண்டு மறந்துட்டேன் மிஸ்!"

அதைப் பிடுங்கிய பிறகு கார் கிளம்பிற்று. மிஸ் மௌரீன் கதவில் சாய்ந்துகொண்டு, இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு கேட்டார்:

"ரோட்டுல போலீஸ்காரன் கை காட்டினா என்ன பண்ணுவே?"

"நிப்பேன் மிஸ்."

"எதுவரைக்கும்?"

"அவர் கையை இறக்கற வரைக்கும்."

"அவன் இறக்க மறந்துட்டா?"

பிரிஜெட் நிஜமாகவே யோசித்தாள். "மறந்தாலும் நிப்பேன்."

"அதை நான் நம்பறேன்," என்றார் மிஸ் மௌரீன். பிறகு என் பக்கம் திரும்பினார். "பெர்னார்ட், அடுகோடி ஆளுக்கு வரவேண்டாம்னு சொல்லி அனுப்பு."

மைதானத்தில் அவள் ஓட்டப் பழகிய கதையை எழுதினால் அதில் சம்பந்தப்பட்ட எருமை வருத்தப்படும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: குஷனுக்கு மேல் குஷனாக மூன்று நான் தைத்துக் கொடுத்த பிறகுதான் அவளுக்கு ரோடு தெரிந்தது. லைசென்ஸுக்குக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவள் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பெயரை எழுதிக் காட்டும்படி மிஸ் மௌரீனைக் கேட்டாள். பனி படிந்த முன்கண்ணாடியில் தினமும் விரலால் எழுதிப் பார்ப்பாள். பிறகு அதையும் பளபளவென்று துடைத்துவிடுவாள்.

போலீஸ் ஆபீஸில் குமாஸ்தா இவளைப் பார்த்ததும் மை டப்பாவைத் திறந்து கட்டைவிரலை நீட்டச் சொன்னார். "பேனா கொடுங்க," என்றாள் பிரிஜெட். பாதி எழுதும்போது அவர், "கொஞ்சம் நில்லு, கோட்டுக்கு மேலே எழுதணும்," என்றார். பேனா அந்தரத்தில் நின்றுவிட்டது. அவர் வேறு யாரிடமோ பேசப் போய்விட்டார். மிஸ் மௌரீன் அவரைக் கூப்பிட்டு, "ஐயா, தயவுசெய்து எழுதுன்னு சொல்லுங்க, இல்லேன்னா நாம நாளைக்கும் இங்கேதான் இருப்போம்," என்றார். சொன்னார். எழுதினாள். லைசென்ஸ் கைக்கு வந்த நாள் 1938ஆம் வருஷம் மார்ச் மாதம் 9ஆம் தேதி, புதன்கிழமை.