நடப்பதற்கு ஓர் உறுமல்

நூரோவா பேருந்து ஓட்டியவர். எங்கள் சின்னத் தீவான ராரோதோங்காவில் பேருந்து ஓடுவது கரையோரச் சாலையில், தீவைச் சுற்றி. ஒரு வண்டி கடிகாரம் சுற்றும் திசையில் போகும், இன்னொன்று எதிர்த்திசையில் வரும். நூரோவா கடிகாரத் திசைக்காரர். இளவயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர் தலை நரைத்த பிறகுதான் விட்டார். எங்கள் ஊரான அரோராங்கியின் தேவாலயத்தில் போதகருக்கு உதவியாக இருக்கும் டீக்கனும் அவர்தான். இரண்டு வேலைகளையும் ஒரே முகத்தோடு செய்தார். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லி வைத்தாற்போல இருக்கும் அந்த முகம்.

பள்ளிப் பிள்ளைகள் இருக்கையின் முதுகில் தாளம் தட்டினால் வண்டி ஓரமாக நின்றுவிடும். "கை அடங்குற வரைக்கும் டயர் உருளாது" என்பார். கல்யாண வீடுகளில் கொட்டு முழங்கி, கிழம் கட்டைகள் உட்பட எல்லாரும் இடுப்பை ஆட்டும்போது, இவர் மட்டும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சேப்பங்கிழங்கை மென்றுகொண்டிருப்பார். கொட்டும் இடுப்பும் சேர்ந்தால் கடவுள் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்பது அவருடைய கட்சி.

மனைவி தாங்கிமேதுவா நேர்மாறு. ஊருக்கு அவள் தாங்கி. எந்த வீட்டில் கொட்டுச் சத்தம் கேட்டாலும் முதலில் எழுந்துகொள்வது அவள் இடுப்பு, பிறகுதான் அவள். "இவரைக் கட்டினதுக்கு ஒரு தென்ன மரத்தக் கட்டியிருக்கலாம். காத்தடிச்சா அதாவது ஆடும்" என்று அவர் காதுபடவே சொல்வாள். அவர் கிழங்கை மெல்வதை நிறுத்தியதில்லை.

நான் அவர்களுக்குப் பக்கத்து வீடு. தேவாலயத்தில் ஆண்களின் பின்வரிசையில் உட்கார்ந்து உறுமுகிறவர்களில் ஒருவன். எங்கள் பழைய துதிப்பாட்டில் பெண்கள் மேலே குரல் எடுத்துப் பாட, ஆண்கள் அடிவயிற்றிலிருந்து 'ஹும்... ஹா... ஹும்... ஹா' என்று தாளத்துக்கு உறுமுவோம். பாட்டுக்கு முதுகெலும்பே அந்த உறுமல்தான்.

ஓய்வு பெற்ற பிறகுதான் நூரோவாவின் வலது கை நடுங்கத் தொடங்கியது. காணிக்கைத் தட்டை ஏந்தி வரும்போது காசு குலுங்கும். "கடவுளுக்குப் போதலையாம், டீக்கன் தட்ட ஆட்டிக் காட்றாரு" என்று பின்வரிசையில் கேலி செய்தோம். அடுத்த சில மாதங்களில் கேலி நின்றுபோயிற்று. முகம் இன்னும் இறுகியது, தோள் குனிந்தது, கை வீசாமல் நடந்தார். அப்புறம் கால். வாசற்படியைக் கண்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் போகப் பார்க்கும், பாதம் வராது.

மருத்துவமனையில் பார்க்கின்சன் நோய் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். உதவும், ஆனால் முழுக்கக் குணமாக்காது என்று ஒளிக்காமல் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலிலேயே அது நடந்தது. வெள்ளைக் கோட்டு போட்டு முன்னால் வந்த நூரோவா வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் தென்னங்குருத்துத் தொப்பி அணிந்த பெண்களின் வரிசை. டீக்கன் வாசலில் நின்று ஜெபிக்கிறார் என்று நினைத்து முதல் பெண் தலைகுனிந்தாள், அவளைப் பார்த்து அடுத்தவள், பிறகு வரிசை முழுவதும். வெயிலில் எல்லாரும் தலைகுனிந்து நிற்கிறார்கள். கடைசியில் தாங்கி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அவரு ஜெபிக்கல, மாட்டிக்கிட்டாரு. யாராவது பிடிங்க" என்றாள். இரண்டு பேர் தூக்காத குறையாக உள்ளே கொண்டுபோனோம். அதன் பிறகு அவர் தேவாலயத்துக்கு வரவில்லை. சன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், அங்கேயே மதியத்தையும் கழித்தார், மாலையையும் கழித்தார்.

மருத்துவமனையிலிருந்து வைரியா என்ற பெண் வீட்டுக்கு வந்தாள். உடற்பயிற்சி சிகிச்சை தருகிறவள். மங்காயா தீவில் பிறந்து நியூசிலாந்தில் படித்தவள், ஆனாலும் எங்களைப்போலவே பெரியவர்களைப் பப்பா, மம்மா என்றுதான் கூப்பிடுவாள். கைப்பேசியில் டிக், டிக் என்று ஒரு சத்தத்தை வைத்து, "ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு கால், பப்பா" என்றாள்.

"நான் என்ன கடிகாரமா?"

"கரை ரோட்ல மரம் விழுந்து அடைச்சுக்கிச்சுன்னா பஸ்ஸ என்ன செய்வீங்க?"

"உள் ரோட்ல திருப்புவேன்."

"அதேதான். நடன்னு மூளை போடுற உத்தரவு வர்ற பெரிய ரோட்ல இப்ப அடைப்பு. காது வழியா ஒரு தாளம் உள்ள போனா, கால் அதப் பிடிச்சுக்கிட்டு வேற வழியில வரும். வந்து பாருங்களேன்."

எழுந்து பார்த்தார். டிக் சத்தத்துக்குக் கால் வந்தது. சமையலறை வாசலைக்கூடத் தாண்டினார். தாங்கி கைதட்டினாள். ஆனால் அவருக்கு அந்தச் சத்தம் பிடிக்கவே இல்லை. "சுவத்துப் பல்லி காதுக்குள்ள குடிவந்த மாதிரி இருக்கு" என்றார். முற்றத்துக்குப் போனால் சேவலும் ஸ்கூட்டரும் அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டன.

"டிக்தான் வேணும்னு இல்ல. உங்களுக்குப் பிடிச்ச பாட்டு ஏதாவது இருந்தா சரி. ஆனா தாளம் ஓடக் கூடாது, ஒரே சீரா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள் வைரியா.

"பாட்டுதானே? நான் இருக்கேன்" என்றாள் தாங்கி.

தாங்கியின் குரல் நல்ல குரல். ஆனால் தொடங்கும்போது படகுபோல மெதுவாகப் புறப்படும் பாட்டு, இரண்டாம் அடியில் சூடேறி, மூன்றாம் அடியில் பறக்கும். நூரோவாவின் காலும் அதோடு பறந்தது. குறுகக் குறுக அடி வைத்து, முன்பக்கம் சாய்ந்து, முற்றத்தில் ஓடி, எங்கள் வழக்கப்படி வீட்டு முற்றத்திலேயே கட்டியிருந்த தன் அப்பாவின் கல்லறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த நான் பாதி வேலி ஏறிவிட்டேன்.

"எங்கப்பாவே இன்னும் என்னைக் கூப்பிடல. நீ எதுக்குடி இப்படி அவசரப்பட்டு அனுப்புற?" என்றார் மூச்சு வாங்க.

தாங்கி அந்தக் கல்லறைமேலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவர் வாயோரமும் லேசாகக் கோணியது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூலை பிறந்தது. ஆகஸ்டில் தீவு முழுக்க ஊருக்கு ஊர் போட்டி போட்டு ஆடும் விழாவுக்கு எங்கள் ஊர் ஆட்டக்குழு மாலைதோறும் சமூகக்கூடத்தில் பயிற்சி எடுக்கும். மரத்தைக் குடைந்து செய்த கொட்டு வாசிப்பவன் மாரா. பகலில் ஸ்கூட்டர் பழுது பார்ப்பான், மாலையில் தீவையே எழுப்புவான். கூடம் நூரோவாவின் வீட்டுக்கு எதிர்ப்புறம், கடையை ஒட்டி இருக்கிறது.

தாங்கி வீட்டில் இல்லாத ஒரு மாலை, ரொட்டி வாங்கலாம் என்று நூரோவா தனியாகப் புறப்பட்டார். யாரிடமும் சொல்லவில்லை. பாதிச் சாலை வரை நன்றாகத்தான் போனார். நடுக்கோட்டில் கால் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்கள் நின்றன. எதிர்த்திசைப் பேருந்தும் வந்து நின்றது. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. ஓட்டுநர் சன்னலில் கையை ஊன்றி, "அவசரமில்ல பப்பா. நீங்க எங்களுக்காக எவ்வளவு நாள் காத்துக்கிட்டிருந்தீங்க" என்றான். அந்த அன்பு அவருக்கு வசவைவிட மோசமாக இருந்ததாம். பிறகு என்னிடம் சொன்னார்.

நான் வேலியைத் தாண்டி ஓடுவதற்குள் கூடத்தில் மாரா கொட்டத் தொடங்கிவிட்டான். டக்கர டக்க, டக்கர டக்க. சுத்தமான இடுப்பாட்டத் தாளம். நூரோவாவின் வலது கால் எழுந்தது. பிறகு இடது. தோள் நிமிர்ந்தது, வீசாத கை வீசியது. கடைசி நாலைந்து அடியில் அவர் இடுப்பு ஒரு பக்கமாக ஒடிந்து மறுபக்கம் வந்ததைப் பேருந்தில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வண்டிக்குள் விசிலும் கைதட்டலுமாக ஒரே ஆரவாரம்.

கடை வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"தாங்கிகிட்ட சொல்லாதே."

அவர் ரொட்டியோடு திரும்புவதற்குள் தாங்கிக்கு மூன்று பேர் சொல்லியாகிவிட்டது. வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். "யோவ் டீக்கன்! ஊருக்கெல்லாம் ஆடிக் காட்டுவே, எனக்கு மட்டும் தென்ன மரமா?"

"நான் ஆடல. கால் தானா போச்சு."

"எல்லாருக்கும் அப்படித்தான்யா போவுது!"

மறுநாள் மாரா சின்னக் கொட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானாகவே வந்தான். "பப்பா, சின்ன வயசுல உங்க பஸ் சீட்டுல தட்டினதுக்கு எத்தனை தடவ வண்டிய நிறுத்தினீங்க! இப்ப உங்க முற்றத்துல வந்து தட்டப் போறேன்" என்றான். நூரோவா முறைத்தார். பிறகு எழுந்து நின்றார். மாரா தாளத்தை மட்டுப்படுத்தி, தண்ணீர் சொட்டுவதுபோலச் சீராக அடித்தான். அந்த வாரம் முழுவதும் முற்றத்தில் நடை. சன்னலோர நாற்காலியில் பூனை படுத்தது. நூரோவா ராத்திரி புரளாமல் தூங்குவதாகத் தாங்கி சொன்னாள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேப்பங்கீரையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் முகம் தொங்கிவிடும். மணி அடிக்கும், வெள்ளைத் தொப்பிகள் சாலையில் போகும், இவர் பார்த்துக்கொண்டிருப்பார். தேவாலயத்துக்குள் ஆட்டக் கொட்டு கூடாது. அந்தச் சட்டத்தை எல்லாரையும்விட உரக்கப் பேசியவரும் அவரே.

எங்கள் பாட்டுப் பயிற்சிக்கு நடுவில் ஒருநாள் தாங்கி வந்து நின்றாள். பின்வரிசை ஆண்களைப் பார்த்து, "வாரா வாரம் பன்னி மாதிரி உறுமுறீங்களே. அத ஒரு மனுசனுக்கு உபயோகமா உறுமினா என்ன?" என்றாள்.

எங்களுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தபோது, இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போதகரும் இசைந்தார். "உள்ள வர்றதுக்கு உறுமுங்க. என் பிரசங்கத்துக்கு நடுவுல மட்டும் வேணாம்" என்றார்.

கேட்க எளிது. நாங்கள் தாங்கியைவிட மோசம் என்பது பயிற்சியில்தான் தெரிந்தது. துதிப்பாட்டு சூடேறினால் உறுமலும் தலைதெறிக்க ஓடும், அதுதான் அதன் அழகு. முக்கியமாக ஓடியவன் நான். வைரியா எங்கள் முன் நின்று தொடையில் தட்டிக்காட்டி, "நீங்க ஓடினா பப்பா பலிபீடத்துல போய் மோதுவாரு" என்று கண்டித்தாள். பொங்கி வரும் உறுமலை அடக்கி, ஒரே அளவில் விடுவது எவ்வளவு கடினம் தெரியுமா? வயிறு வலித்தது.

அந்த ஞாயிறு நூரோவா வெள்ளைக் கோட்டில் வந்தார். வாசற்படியில் கால் நின்றது. இந்த முறை யாரும் தலைகுனியவில்லை. பெண்கள் குரல் எடுத்தார்கள். நாங்கள் அடிவயிற்றிலிருந்து விட்டோம். ஹும், ஹா. ஹும், ஹா. பலகைத் தளம் அதிர்ந்தது. வலது கால் படியைத் தாண்டியது.

நடுப்பாதை வரை வந்தபோது பாட்டின் முதல் அடி முடிந்து உறுமலும் நின்றுவிட்டது. இதை நாங்கள் யோசித்திருக்கவே இல்லை. நூரோவா ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நின்றார். தாங்கி யாருக்கும் காத்திராமல் அடுத்த அடியைத் தன் வேகத்திலேயே எடுத்துவிட்டாள். நாங்கள் உறுமலால் அவளைப் பிடித்து இழுத்து நிறுத்தினோம். அவள் பாட்டு எங்கள் அளவுக்கு இறங்கி வந்தது. நூரோவா நடந்தார். எங்கள் வரிசையைக் கடக்கும்போது அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். அவரும் உறுமிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

"இன்னிக்குப் பிரசங்கம் முடிஞ்ச மாதிரிதான்" என்றார் போதகர். ஆனால் வழக்கம்போல நீளமாகவே பேசினார்.

நோய் போய்விடவில்லை. மாத்திரையின் வேகம் இறங்கும் நேரங்களில் எந்தத் தாளமும் எடுபடாது. கை நடுக்கமும் அப்படியே. காணிக்கைத் தட்டை இப்போது வேறொருவர் ஏந்துகிறார். ஆனால் நூரோவா உறுமலைத் தன்னோடே வைத்துக்கொண்டார். எந்த வாசலுக்கு முன்னும் தொண்டைக்குள் இரண்டு முறை உறுமிவிட்டுக் காலை எடுப்பார். வங்கியில் புதிதாக வந்த பெண், இந்தத் தாத்தா தன்மேல் ஏதோ கோபமாக இருக்கிறார் என்று பயந்து, வரிசையில் அவரை முன்னால் விட்டுவிட்டாள். அவரும் மறுக்கவில்லை.

இப்போது வியாழக்கிழமை மதியங்களில் வைரியா சமூகக்கூடத்தில் வகுப்பு நடத்துகிறாள். பார்க்கின்சன் வந்தவர்கள், பக்கவாதத்திலிருந்து எழுந்தவர்கள் என்று ஒரு சிறு கூட்டம். மாரா கொட்டுகிறான், நாங்கள் சிலர் உறுமப் போகிறோம். அந்த நேரத்தில் தாங்கி நிம்மதியாகச் சீட்டாடப் போய்விடுகிறாள்.

போன வாரம் தீவின் மறுபக்கத்திலிருந்து இனா என்ற மூதாட்டியை மகள் அழைத்துவந்தாள். இனாவால் நாற்காலியைவிட்டு எழ முடியவில்லை. வைரியா கைகொடுத்தும் வரவில்லை. நூரோவா தத்தித் தத்தி அவள் முன்னால் போய் நின்றார்.

"மம்மா, யோசிக்காதீங்க. யோசிச்சா கால் வராது. நான் உறுமுறேன், மூணாவதுக்கு எழுந்திருங்க."

ஹும், ஹா என்று கூடம் நிறைய விட்டார். மூன்றாவதில் இனா எழுந்துவிட்டாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தாளத்துக்கு எழுந்தனோ, உன் குரலக் கேட்டுப் பயந்து எழுந்தனோ, எனக்கே தெரியல" என்றாள் இனா.

"எதுக்கு எழுந்தா என்ன? சாப்பாடு அந்தப் பக்கம் இருக்கு, வாங்க" என்றார் நூரோவா. மேசையில் எலுமிச்சைச் சாறும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, எங்கள் வழக்கப்படி வேகவைக்காமலே ஊறப்போட்ட மீன் ஒரு பெரிய கிண்ணம் நிறைய இருந்தது. மாரா மெதுவாகக் கொட்டத் தொடங்கினான். இருவரும் கிண்ணத்தை நோக்கி நடந்தார்கள்.