இடது காதில் கேட்ட சத்தம்

1960களில் செஞ்சியில் நான் மோட்டார் மெக்கானிக். என் வலது காது மந்தம் என்று யாரிடமும் சொன்னதில்லை.

சிங்கவரத்தில் ஒரு கிணற்று மோட்டார் சத்தம் போட்டது. மல்லாட்டை என்கிற நிலக்கடலைப் பயிர் வாடிக்கொண்டிருந்தது. பத்துப் பேர் பார்க்க, ஓடும் மோட்டாரில் ஸ்குரூடிரைவரை ஊன்றி, அதன் பிடியில், காது நன்றாக இருந்த காலத்துப் பழக்கத்தில், வலது காதை வைத்தேன்.

“ஒண்ணுமில்ல, ஓடட்டும்.”

“உள்ள இன்னாவோ உரசுதுண்ணா,” என்றார் நிலத்துக்காரரின் மனைவி.

“மெக்கானிக் நீயா, நானா?” என்று கத்தினேன்.

பேச்சைக் கேட்க நான் இடது காதைத் திருப்புவதை அவர் கவனித்திருக்க வேண்டும். என் இடப்பக்கம் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “இந்தக் காதுல கேளுண்ணா.”

கேட்டேன். பேரிங் நறநறவென்று அரைபட்டுக்கொண்டிருந்தது. பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் மோட்டாரே கருகியிருக்கும்.

“இன்னாச்சு?” என்று பதறினார் கணவர்.

“அண்ணன் கண்டுபுடிச்சிட்டாரு,” என்றார் அந்த அம்மா.

என் காது மந்தம் என்பது அன்று வேறு யாருக்கும் தெரியவில்லை. நான் அவரை அதட்டியது மட்டும் அத்தனை பேருக்கும் கேட்டிருந்தது.