உணர்ச்சியில்லாத காலுக்கு வேட்டைச் சப்பாத்து

இதை எழுதலாமா விடலாமா என்று கன வருடம் யோசித்தேன். வெள்ளி தவறாமல் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகிற சைவக்காரன் வேட்டைச் சாமான் விற்கிற கடைக்குள் நுழைந்தான் என்றால் சனம் என்ன சொல்லும்?

எனக்குக் கிடைத்த வேலை பற்றை, புதர் வெட்டுவது. பாம்பு உள்ள இடம். கணுக்காலுக்கு மேலே வருகிற வேட்டைச் சப்பாத்துத்தான் நல்லது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். ஆனால் எனக்குச் சலரோகம், சர்க்கரை வியாதி; காலில் உணர்ச்சி இல்லை. சப்பாத்து கடித்தாலும் விரலுக்குத் தெரியாது. ஒரு புண் வந்தால் விரலே போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். "என்ன வேட்டையாடுவீர்கள்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"எறும்புக்கே வழி விட்டுப் போற மனுசன், வேட்டையாம்!" என்று மனைவி தமிழில் சிரித்தா.

நான் காலைப் பற்றிச் சொன்னேன். அவர் சப்பாத்துக்குள் இருந்த மெத்தையை இழுத்து நிலத்தில் வைத்து, தடித்த காலுறையோடு அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னார். பார்த்தால், சின்னவிரல் விளிம்புக்கு வெளியே கிடக்கிறது! கால் சொல்லாததைக் கண் சொன்னது. மூன்றாவது சோடியில்தான் ஐந்து விரலும் உள்ளே அடங்கி, முன்னால் ஒரு கைப்பெருவிரல் அகலம் மிச்சமிருந்தது.

"ஓம், இதுதான்" என்றா மனைவி.

வீட்டுக்கு வந்து பழைய சப்பாத்துகளின் மெத்தைகளையும் அப்படியே இழுத்து ஏறி நின்று பார்த்தேன். ஒன்றும் சரியில்லை.

முருகன் அருளால் பத்து விரலும் இன்றைக்கும் இருக்கிறது. என்னைப் போல் கால் உள்ளவர்களுக்கு இதை எழுதினபடியே சொல்லுங்கோ. மான் சுட்டேன் என்று மட்டும் சேர்த்துப்போடாதேங்கோ.