செவலை பிடிபட்டதா, இல்லையா

திருமயம் பேருந்து நிறுத்தத்தில் காலைப் பத்திரிகையைப் பிரித்தபோதுதான் அந்த யோசனை வந்தது. அந்தப் பத்திரிகையின் உள்ளூர் நிருபராக, முந்தின நாள் எங்கள் ஊர் ஜல்லிக்கட்டைப் பற்றி நாற்பது வரி எழுதி அனுப்பியிருந்தேன். வந்திருந்தது மூன்று வரி: காளைகள் சீறிப் பாய்ந்தன, வீரர்கள் அடக்கினர், பொதுமக்கள் கண்டுகளித்தனர். எந்த ஊருக்கும் எந்த வருஷத்துக்கும் பொருந்தும். அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"எடமில்லம்மா, விளம்பரம் வந்துருச்சு" என்றார் உதவி ஆசிரியர்.

இடம்தானே பிரச்சினை? பஸ் புதுக்கோட்டை போய்ச் சேர்வதற்குள் போனிலேயே ஒரு வலைப்பூவைத் தொடங்கி, நாற்பது வரியையும் ஏற்றிவிட்டேன். ஏற்றும்போதே அது அறுபதாகிவிட்டது. வெட்ட ஆளில்லை என்றால் கை நிற்பதில்லை. எந்த மாடு யாருடையது, யார் பிடித்தார், எல்லாம் இருந்தது. அடியில் என் எண்ணைப் போட்டு, "தவறிருந்தால் சொல்லுங்கள், உடனே திருத்துவேன். அச்சில் இது முடியாது" என்று பெருமையாக ஒரு வரி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை உட்கார்ந்திருந்தார். செவலைக் காளை அந்த அத்தையுடையது.

"ஏத்தா, எஞ்செவல பிடிபட்டுச்சுன்னா எழுதியிருக்க?"

"மூணு துள்ளு வரைக்கும் திமிலை விடலையே அத்தை. மூணு தாங்குனா பிடிபட்ட கணக்குத்தானே?"

"ரெண்டுதான். மூணாவதுல ஆளு மண்ணுல கெடந்தான். பேப்பர்ல வந்திருந்தா வயித்தெரிச்சலோட விட்டுருப்பேன். நீதான் ஒடனே திருத்துவேன்னு போட்டிருக்கியே, திருத்து. நான் இருந்து பாத்துட்டுப் போறேன்."

திருத்தினேன். செவலை பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் மாட்டைப் பிடித்தவர் போனில் பேசினார். நார்த்தாமலைப் பக்கத்துக்காரர்.

"அக்கா, பொண்ணு வீட்டுக்கு ஒங்க லிங்க்கை அனுப்பியிருந்தேன். செவலையவே பிடிச்ச மாப்பிள்ளைன்னு அவுங்க மாமா சொந்தம் பூரா அனுப்பிட்டாரு. இப்பத் தெறந்தா மாடு தப்பிச்சிருச்சுன்னு இருக்கு. ஞாயித்துக்கெழமை பூ வைக்கப் போறோம்க்கா."

மறுபடி பிடிபட்டது. அன்று மாலையே அத்தை வந்ததும் மறுபடி தப்பித்தது. அந்த மாடு வாடிவாசலில்கூட அவ்வளவு ஓடியிருக்காது. "காலையில் பிடிபட்டிருந்ததே, இப்போது எப்படி?" என்று மணமேல்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்கே தெரியாது. மூன்றாவது துள்ளலில் எனக்கு முன்னால் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். நான் பார்த்தது அவருடைய முதுகை. கூட்டம் கத்தியது, நான் பிடிபட்டதாக எழுதிவிட்டேன். உதவி ஆசிரியர் வெட்டியவற்றில் அந்த வரியும் ஒன்று என்பது கொஞ்சம் உறுத்தியது.

அதை அப்படியே எழுதினேன். பழைய இரண்டு வரிகளையும் நீக்காமல் குறுக்கே கோடு மட்டும் போட்டேன். அத்தை என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை பேசினார்.

"பூ வச்சாச்சுக்கா. பொண்ணு கோடு போட்டதையும் சேத்துப் படிச்சிருக்கு. ரெண்டு துள்ளு தாக்குப்பிடிச்சாரே, அது போதும்னுருச்சாம்."

அடுத்த மாதம் பக்கத்து ஊரில் செவலை இறங்குகிறது. இந்த முறை மாடு வெளியேறும் பக்கத்தில், தங்கள் மாட்டைப் பிடித்துப் போகக் கயிற்றோடு காத்திருப்பவர்களுடன் நின்று, துள்ளலை எண்ணி, அங்கிருந்தே ஏற்றப் போகிறேன். மாட்டுக்காரர் கூட்டிப் போனால்தான் அங்கே விடுவார்கள். நாளைக் காலையில் அத்தை வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும்.