மேடம் வீட்டு லைட்டுக்கு வந்த வெள்ளிப் பூச்சிகள்

எங்கள் தெரு கலாவதி மேடம் இறந்துவிட்டார். அந்தச் செய்திக்குக் கீழே நான் "சூப்பர் மேடம்" என்று போட்டுவிட்டேன்.

வேண்டுமென்று செய்வேனா... பங்குனி, சித்திரை வந்தால் தினமும் காலையில் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் அவரிடமிருந்து ஒரு பூச்சி போட்டோ வரும். நான் பல் விளக்கிக்கொண்டே, படம் திறப்பதற்கு முன்பே "சூப்பர் மேடம்" போட்டுவிடுவேன். இன்றைக்கு அவர் நம்பரிலிருந்து வந்தது அவருடைய படம். அனுப்பியது அவர் தம்பி.

வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நான் அழிப்பதற்குள் தெருவே பார்த்துவிட்டது.

மேடம் காலேஜில் விலங்கியல் நடத்தி ரிட்டயர் ஆனவர். தனியாள். திருத்தங்கலில் எங்களுக்கு எதிர் வீடு.

தோட்டத்தில் ஒரு பெரிய வாளி, அதன் வாயில் புனல், அதற்கு மேல் ஊதா பல்பு, வாளிக்குள் முட்டை அட்டைகள். வெளிச்சத்துக்கு வருகிற அந்துப்பூச்சிகள் உள்ளே விழுந்து அட்டைக் குழியில் ஒண்டிக்கொள்ளும். காலையில் ஒவ்வொன்றாக போட்டோ பிடித்து, பெயர் எழுதிவிட்டு, பறக்க விட்டுவிடுவார்.

முட்டை அட்டை சப்ளை நான்தான். பத்தாவதையே ரெண்டு அட்டெம்ப்டில் தாண்டியவன், பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். ஆனாலும் வேலைக்குக் கிளம்பும் முன் அவர் பக்கத்தில் குத்தவைத்து, இதுக்கு என்ன பேர் மேடம் என்று கேட்பதில் எனக்கு ஒரு கெத்து.

போன வருஷம் பங்குனியில் ஒரு நாள்... அட்டையைத் திருப்பினால் ஒரு பூச்சி வெள்ளியாக மின்னியது. இறகு, கால், மீசை எல்லாம் வெள்ளி. கையால் விரட்டினாலும் பறக்கவில்லை. சும்மா நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் நாலைந்து. அதற்கு மறுநாள் இன்னும் நிறைய.

புதுச் சாதிப் பூச்சி என்று நானே முடிவு செய்து, உங்க பேரையே வைங்க மேடம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒன்றைப் பிரஷ்ஷால் தடவிவிட்டு, தாளில் உதிர்ந்த பொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம், லைட்டை ஒரு நாள் உங்கள் மாடியில் வைக்கட்டுமா என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காலையில் மாடிக்குப் போனேன். வாளிக்குள் எல்லாமே வெள்ளி. ஒவ்வொரு குழியிலும் ஒன்று... சத்தம் இல்லை, அசைவு இல்லை. ரெண்டடி தள்ளி நின்றேன். ஆனாலும் வாளியோடு ஒரு செல்ஃபி எடுத்து, "நம்ம வீட்டு ஸ்பெஷல்" என்று குரூப்பில் போட்டேன். அறிவு அம்புட்டுத்தான்.

உடனே மேடம் போன் செய்தார்.

"அந்த போட்டோவ முதல்ல அழிங்க தம்பி. அது அலுமினியப் பொடி. எங்கனயோ ராத்திரி லைட்டப் போட்டு வெடிமருந்து கலக்குறாக. பூச்சி அங்க விழுந்துட்டுத்தான் இங்க வருது. உங்க மாடியில இம்புட்டுன்னா இடம் பக்கத்துலதான். உங்க பின் ரூம்ல யாரு குடியிருக்கா?"

பின் ரூமில் வாடகைக்கு ஒரு புருஷன் பொண்டாட்டி. பட்டாசுப் பெட்டி மடிக்கிற வேலை என்று சொல்லித்தான் வந்தார்கள். அந்த ரூமுக்கும் என் மகள் செல்வி படுக்கிற ரூமுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். அவள் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கும்.

பிறந்ததிலிருந்து இந்தப் பட்டாசு ஊரில் இருக்கிறேன்... அந்தப் பொடி எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மேடம் ரோட்டைத் தாண்டி வந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அருமையான பூச்சி ஒன்று வந்திருக்கிறது, அம்மாவும் மகளும் வந்து பாருங்கள் என்று செல்வியையும் என் வீட்டுக்காரியையும் கையோடு கூட்டிப் போய்விட்டார்.

நான் பின்பக்கம் போய்க் கதவைத் தட்டினேன்.

அந்தப் பெண் பாதி திறந்தாள். சன்னலில் எல்லாம் சாக்கு. அவள் புருவம், இமை எல்லாம் வெள்ளி, கண் மட்டும் கறுப்பு. அவளுக்குப் பின்னால் சுவரிலும் மேற்கூரையிலும் பூச்சிகள்... எல்லாம் வெள்ளி, எல்லாம் ஆடாமல்.

அவள் பயப்படவே இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"செருப்பையும் செல்லையும் வெளிய வச்சிட்டு வாங்க அண்ணாச்சி."

பட்டாசுக் கம்பெனி கேட்டில், தீப்பொறிக்குப் பயந்து சொல்கிற அதே வார்த்தை. என் செல் சட்டைப் பையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து யாரும் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று இருக்கன்குடி மாரியாத்தாளைக் கூப்பிட்டேன்.

இன்றைக்கே ரூமைக் காலி பண்ணச் சொன்னேன். மதியத்துக்குள் ஒரு வேன் வந்தது. புருஷனும் பொண்டாட்டியும் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்த ரூமுக்கு ரெண்டு தடவை வெள்ளையடித்தாயிற்று. இப்போதும் சாயங்கால வெயில் விழுந்தால் சுவர் லேசாக மினுங்கும்.

வெளியே தெரிந்திருந்தால் வீட்டு ஓனர் என்று என்னையும் ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பார்கள். மேடம் யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்றைக்கு குரூப்பில் வந்தது ஒரு சாதாரணப் பழுப்புப் பூச்சி. செல்வியிடமும் இதுவரை நாங்கள் சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

மேடம் தூக்கத்திலேயே போய்விட்டாராம். நான் போனபோது தோட்டத்தில் ஊதா லைட் வெயிலிலும் எரிந்துகொண்டிருந்தது. ராத்திரி வந்த பூச்சிகள் பெயர் எழுத ஆள் வராமல் அட்டையில் அப்படியே உட்கார்ந்திருந்தன.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் மேடம்...

அவர் தம்பி ஸ்விட்சை அணைத்துவிட்டு, அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். "எத்தன வருசமா கேட்டேன்... இந்தப் பூச்சிய எழுதி வச்சு யாருக்கு என்ன பிரயோசனம்னு. அக்கா ஒருநாளும் பதில் சொன்னதில்ல சார்."

பந்தலில் செல்வி, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தா நிக்கிறா பாருங்க சார்" என்று வாய் வரைக்கும் வந்தது. செல்வியிடம் ஒரு காப்பி வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தேன்.