பெரியப்பா வெட்டிய ஆல்டோ

பெரியப்பாவுக்கும் எனக்கும் எப்போதுமே ஆகாது. எங்கள் ஊரான கோரமண்டலில் சபைப் பாடகர் குழுவை நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்தான் நடத்திவருகிறார். கிறிஸ்துமஸ் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யலாம் என்று முடிவானபோது சபையார் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். தினமும் ரயிலேறி பெங்களூர் போய் ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்வதுதான் என் பிழைப்பு. என்னிடம் கொடுத்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் வீட்டு முன்னறையில் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொருவராக ஹெட்போன் மாட்டிப் பாடவைத்தேன். பதிவு செய்ய ஒரு சாஃப்ட்வேர். அதில் ஒவ்வொரு குரலும் தனி டிராக்காக இருக்கும். எதை வெட்டினாலும் மூலப் பதிவுக்கு ஒன்றும் ஆகாது. இருமல், ஃபேன் இரைச்சல் போன்றவற்றை எடுக்க வேறொன்று வைத்திருந்தேன். அது ஒலிக்கோப்பிலேயே கைவைக்கும். வெட்டி சேவ் செய்தால் போனது போனதுதான். நகல் எடுக்காமல் எதையும் அதில் திறக்க மாட்டேன்.

பெரியப்பா என் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்பார்.

"இன்னாத்துக்குமா ரெண்டு? ஒண்ணுலயே செய்யத் தெரியாதா உனக்கு?"

"ரெண்டும் வேற வேற வேலை பெரியப்பா."

"பெங்களூர்ல இதைத்தான் கத்துக்கினு வந்தியா?"

பெண்களில் தாழ்ந்த குரலான ஆல்டோவைப் பாடியவர் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு அக்கா. ஒருநாள் பயிற்சியில், "அண்ணே, நீங்கதான் சுருதி எறங்கறீங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பெரியப்பா அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. ஞாயிறு மாலை அந்த அக்கா தனியாகப் பாடவேண்டிய நான்கு வரிகளைப் பாடினார். ஒரே மூச்சில், பிசிறில்லாமல் வந்தது. நகலை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அது என் தப்பு.

திங்கள் மாலை வேலையிலிருந்து வந்து டிராக்கைத் திறந்தேன். அந்த நான்கு வரிகளையும் காணோம். கோப்பு குறுகியதால் அக்கா அடுத்துப் பாடியதெல்லாம் முன்னே வந்து மற்றக் குரல்களோடு மோதியது.

"பெரியப்பா வந்தாரு. பாட்டு கேக்கணும்னாரு, ரூமைத் தொறந்து வுட்டேன்" என்றாள் அம்மா.

செருப்புகூடப் போடாமல் ரெண்டு வீடு தள்ளியிருந்த அவர் வீட்டுக்குப் போனேன். பெரியப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, நான்தான் எடுத்தேன். அந்தப் பொம்பள இழுத்து இழுத்துப் பாடிக்கினு இருந்தா. வேணும்னா திருப்பி வெச்சிக்கோ, கம்ப்யூட்டர்தானே."

"வைக்க முடியாது. இருமல் எடுக்கறதுல தொறந்து நீங்க சேவ் பண்ணிட்டீங்க."

"அப்போ உன் சாஃப்ட்வேர் சரியில்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி டம்ளரை எடுத்தார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவைக் கூட்டி, "ரெண்டு சாஃப்ட்வேர் வெச்சிக்கினு பாட்டைக் கெடுத்துட்டா இந்தப் பொண்ணு" என்றார்.

"அழிச்சது நீங்க பெரியப்பா."

ஒருவர் பாட்டுப் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தார். நர்ஸ் அக்கா மட்டும் என்னிடம் வந்து, "எப்போ வந்து பாடணும்?" என்று கேட்டார்.

நைட் டியூட்டி முடித்து ஒரு காலையில் நேராக வந்தார். நான் லீவு போட்டிருந்தேன். அவருக்குக் கண்கள் சிவந்திருந்தன, இரண்டாவது வரியில் தொண்டை கட்டியது. ஐந்து முறை பாடியும் முதலில் பாடியதுபோல வரவில்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

குரல்களை ஒன்றுசேர்க்க உட்கார்ந்தபோது பெரியப்பாவின் பேஸ் டிராக்கை மியூட் செய்து கேட்டேன். ஆண்களின் அந்தக் கீழ்க்குரலுக்கு இன்னும் இருவர் இருந்தார்கள். பாட்டு நன்றாகவே இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

கோயில் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டைப் போட்ட அன்று எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். பெரியப்பா மட்டும் ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தபடி இருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"என் குரல் கேக்கலையே?"

"மத்தவங்களோட கலந்துடுச்சு பெரியப்பா."

அவருக்குப் புரிந்துவிட்டது. சுற்றிலும் ஆட்கள் நின்றதால் வாசல் பக்கம் திரும்பி நடந்தார்.

அதன்பின் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மன்னிப்புக் கேள் என்று அம்மா தினமும் சொல்கிறாள். எதற்கு என்று நானும் தினமும் கேட்கிறேன்.