பெயர் நீக்கிய தேதி

அந்த அரசுப் பள்ளியின் எழுத்தரை எல்லோரும் முத்தெழுத்துக்காரர் என்றுதான் சொல்வார்கள். இருபத்தாறு வருடமாகச் சேர்க்கைப் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. வீட்டில் உப்பு டப்பாவுக்கும் அவரே பெயர் எழுதி ஒட்டுவார். "இதுக்கும் சீல் வைக்கணுமா?" என்று மனைவி கிண்டலடிப்பாள். தன் கையால் ஒரு பொய் எழுதியதில்லை என்பது அவருடைய ஒரே கர்வம்.

பள்ளிகளைத் தேர்ச்சி விகிதப்படி வரிசைப்படுத்தத் தொடங்கியதிலிருந்து தலைமையாசிரியருக்குத் தூக்கம் போயிற்று. கடைசிப் பத்து இடத்துக்குள் விழுந்த பள்ளியை மூடிவிடுவார்கள். இந்தப் பள்ளி இரண்டு வருடமாக நூலிழையில் தப்பித்துக்கொண்டிருந்தது. ஜனவரி கடைசியில் பதிவேட்டில் இருக்கும் பெயர் அத்தனையும் கணக்கில் சேரும். தேர்வுக்கு வராதவரும் தோற்றவர்தான்.

பிப்ரவரியில், பத்தாம் வகுப்புப் படித்த பெயின்டர் மகள் காய்ச்சலில் செத்துப்போனாள். மூன்றே நாள்.

அடுத்த வாரம் தலைமையாசிரியர் கதவைச் சாத்திவிட்டு எழுத்தரை உட்காரச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு ஜனவரி இருபத்தெட்டே டி.சி. வாங்கிட்டதா போட்டுடுங்க சார்."

"செத்துப்போன பிள்ளை சார் அது."

"எனக்குத் தெரியாதா? தேர்ச்சியில ஒரு ஆள் குறைஞ்சாலும் மூடிடுவாங்க. இங்க இருக்கிற முந்நூறு பிள்ளைங்க எங்க போகும்? நீங்களே சொல்லுங்க."

எழுத்தர் பதிவேட்டையும் டி.சி. புத்தகத்தையும் விரித்தார். எழுதினார். பெயர் நீக்கிய தேதி, ஜனவரி இருபத்தெட்டு. காரணம், பெற்றோர் விருப்பம். பாழாய்ப்போன எழுத்து அன்றைக்கும் முத்து முத்தாகத்தான் விழுந்தது.

தேர்வு முடிவு வந்தது. பள்ளி தப்பியது. ஆசிரியர்கள் கொண்டுவந்து கொடுத்த இனிப்பை அவர் பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் வைத்தார்.

மறுநாள் பெயின்டர் வந்தார். நகக்கண்ணெல்லாம் வெள்ளைச் சாயம்.

"எங்க வீட்டுல பத்தாவது வரைக்கும் வந்தவ அவ ஒருத்திதான் சார். அவ பேர் போட்ட காகிதம் ஏதாவது குடுங்க. சட்டம் போட்டு மாட்டணும்."

கொடுப்பதற்கு அந்த டி.சி.தான் இருந்தது. பெயின்டர் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு பையிலிருந்து வகுப்புப் படத்தை எடுத்தார். முன்வரிசைக்குக் கீழே பலகையில் ஜனவரி முப்பது என்று தேதி. நடுவில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு அவள். ஓரத்தில் எழுத்தரும் நின்றிருந்தார்.

"இருபத்தெட்டுலயே நின்னுட்டதா போட்டிருக்கு. முப்பதாம் தேதி படத்துல இருக்காளே சார்?"

எழுத்தர் படத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"போட்டோக்காரன் தேதியைத் தப்பா வச்சுட்டான்ப்பா."

"அப்படித்தான் இருக்கும். உங்க எழுத்துல தப்பே வராதுன்னு பிள்ளை சொல்லும்."

வெட்கம் பிடுங்கித் தின்றது அவரை. வாசல்வரை போன பெயின்டர் திரும்பி வந்தார்.

"பெற்றோர் விருப்பம்னு ஒண்ணு இருக்கே, அதை மட்டும் அடிச்சுக் குடுங்க சார். அவங்கம்மா நல்லா படிக்கத் தெரிஞ்சவ."

"அடிச்சா செல்லாதுப்பா."

"செல்ல வேண்டாம் சார். சுவத்துலதான மாட்டப்போறேன்."

இருபத்தாறு வருடத்தில் முதல் அடித்தல். கோடு கோணலாகப் போயிற்று. பெயின்டர் மை காயும்வரை ஊதிவிட்டு, படத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு கிளம்பினார்.

பதிவேட்டில் அந்த இரண்டு வார்த்தைகளும் அப்படியே இருக்கின்றன.